நெஞ்சுச் சளி: வீட்டில் என்ன செய்வது, எப்போது சோதனைக்குக் கொடுப்பது

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கார்த்திகையில் பனி இறங்கியதும் வீட்டுக்கு ஒருவர் இருமத் தொடங்குவார். தளி, தேன்கனிக்கோட்டை மேட்டில் குளிர் இன்னும் கூடுதல். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும் இருமல்தான். போன பனிக்காலத்தில் என் அப்பாவுக்கு வந்தது அப்படிச் சரியாகவில்லை. அவர் கிரானைட் பாலிஷ் பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவர். மெடிக்கலில் சிரப், ஒரு கிளினிக்கில் ஊசி, இன்னொரு கிளினிக்கில் வேறு மாத்திரை என்று தை மாதம் வரை அலைந்தோம். அவர் துப்பும் சளியை ஒரு டப்பாவில் பிடித்துச் சோதித்துப் பார்க்க ஒருவரும் சொல்லவில்லை. அந்தச் சோதனைக்கு எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் சளியை வாங்கிக்கொள்கிறார்கள்.

உங்கள் வீட்டில் அந்த மாதங்கள் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்களும் செவிலியர்களும் பிசியோதெரபிஸ்டும் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை வரிசைப்படுத்தித் தருகிறேன். சாரம் இவ்வளவுதான்: சளியை அடக்காதீர்கள், வெளியே எடுங்கள். இரண்டு வாரம் தாண்டினால் அதைச் சோதனைக்குக் கொடுங்கள்.

1. முதல் நாளே தேதியைக் குறியுங்கள்

இருமல் தொடங்கிய தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். எந்த மருத்துவரும் முதலில் கேட்பது "எத்தனை நாளா?" என்றுதான். "ரொம்ப நாளா" என்ற பதிலை வைத்துக்கொண்டு அவரால் ஒரு முடிவுக்கும் வர முடியாது.

சாதாரணச் சளிக்காய்ச்சலில் மூக்கு ஒழுகுவது ஒரு வாரம், பத்து நாளில் அடங்கும். இருமலும் கோழையும் மட்டும் இரண்டு மூன்று வாரம் வரை இழுக்கலாம். காய்ச்சல் விட்டு, பசி திரும்பி, இருமல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் பெரும்பாலும் பயமில்லை.

சளியின் நிறத்தையும் பார்த்து வையுங்கள். மஞ்சளாகவோ பச்சையாகவோ வந்தாலே ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது சரியல்ல. கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களில் இருக்கும் ஒரு நொதிதான் அந்தப் பச்சை நிறத்தைத் தருகிறது. வைரஸால் வந்த சளியிலும் அது வரும், வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. துருப்பிடித்த நிறத்தில் வந்து கூடவே காய்ச்சலும் நெஞ்சு வலியும் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். தினமும் காலையில் நிறையச் சளி, கெட்ட நாற்றத்தோடு, மாதக்கணக்கில் வந்தால் மூச்சுக்குழாய் விரிந்து பழுதாகியிருக்கலாம். இரத்தம் ஒரு கீற்று தெரிந்தாலும் நாள் கணக்கு பார்க்க வேண்டாம், மறுநாளே போங்கள்.

2. காத்திருக்கவே கூடாத அறிகுறிகள்

இவற்றில் ஒன்று இருந்தாலும் மீதிக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்குவது, உதடோ நகமோ நீலம் பாய்வது, கை நிறைய இரத்தமாகத் துப்புவது, இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வருவது, ஆள் மயக்கத்தில் உளறுவது. உடனே 108-ஐ அழையுங்கள்.

வீட்டில் ஆக்சிமீட்டர் (விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி) இருந்தால், விரல் சூடாக இருக்கும்போது, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில் ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அளவு 94-க்குக் கீழே இறங்கி நின்றால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். 90-க்குக் கீழே என்றால் ஆம்புலன்ஸ். நீண்டகால நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அளவு எப்போதுமே சற்றுக் குறைவாக இருக்கலாம். அவர்களுக்கு எது எல்லை என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, ஓ.பி. சீட்டின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கு மூச்சை எண்ணுங்கள். அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, முழு ஒரு நிமிடம் வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, ஒரு வயது நிறையாத குழந்தைக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியா என்று சந்தேகிக்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

3. சளியை இளக்குவது

கெட்டியான சளி வெளியே வராது. வெதுவெதுப்பான தண்ணீர், ரசம், கொள்ளு ரசம், ராகிக் கஞ்சி என்று சூடாக ஏதாவது அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. தூதுவளை, கற்பூரவள்ளி, மிளகு எல்லாம் தொண்டைக்கு இதம் தரும், கொடுக்கலாம். ஆனால் அவற்றை நம்பி, போக வேண்டிய நாளைத் தள்ளிப்போடக் கூடாது. பாலும் தயிரும் சளியைப் பெருக்கும் என்று நிறுத்திவிடுகிறார்கள். பால் குடித்த பிறகு தொண்டையில் உள்ளது கெட்டியாகத் தோன்றலாமே தவிர, அது புதிதாகச் சளியை உண்டாக்குவதில்லை. உடம்பு இளைத்துக்கொண்டிருக்கும் பெரியவருக்குப் பாலை நிறுத்துவது நஷ்டம்தான்.

ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குக் கொஞ்ச நேரம் சுகம் தரும், நோயைக் குறைக்காது. பிடிப்பதானால் பெரியவர்கள் மட்டும், பாத்திரத்தை மடியில் வைக்காமல் அசையாத இடத்தில் வைத்து, ஐந்து நிமிடம் போதும். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். கொதிக்கும் தண்ணீர் கவிழ்ந்து வெந்துபோய் ஆஸ்பத்திரிக்கு வரும் பிள்ளைகள் உண்டு.

மூக்கு அடைத்திருந்தால் உப்புநீர் நல்லது. நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய ஒரு டம்ளர் தண்ணீரில், சுமார் 200 மில்லியில், கால் டீஸ்பூன் உப்பு. அன்றைக்குச் செய்ததை அன்றே கொட்டிவிடுங்கள். போர் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ கொதிக்க வைக்காமல் மூக்கில் விடக் கூடாது.

புகை இருக்கும் வீட்டில் இதெல்லாம் பாதிதான் பலன் தரும். விறகு அடுப்பு எரியும் அறையில் இருமுகிறவரைப் படுக்க வைக்காதீர்கள். பீடி, சிகரெட் வீட்டுக்குள் வேண்டாம்.

4. சளியை வெளியே எடுக்கும் முறை

இதைத்தான் எனக்கு யாராவது முதலிலேயே காட்டியிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன். விடாமல் இருமினால் விலா வலிக்கும், ஆள் களைத்துப்போவார், சளி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பிசியோதெரபிஸ்ட் கற்றுத் தந்த முறையில் இருமலுக்குப் பதில் 'ஹா' என்று ஊதுவதுதான் முக்கியம்.

சாப்பிட்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். காலையில் எழுந்ததும் ஒருமுறை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை. இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால் அதை இழுத்துக் கால் மணி நேரம் கழித்து.

நாற்காலியில் நிமிர்ந்து, பாதம் தரையில் படும்படி உட்கார வையுங்கள். தோள் தளர்ந்திருக்கட்டும். ஒரு நிமிடம் சாதாரணமாக மூச்சு விடட்டும். பிறகு மூக்கு வழியாக மெதுவாக, ஆழமாக இழுத்து, மூன்று எண்ணும் வரை பிடித்து, அவசரப்படாமல் விட வேண்டும். இப்படி மூன்று நான்கு முறை. மறுபடி ஒரு நிமிடம் சாதாரண மூச்சு. மூச்சைப் பிடித்து வைக்கும்போது சளிக்குப் பின்னால் காற்று போகிறது, அப்புறம் ஊதும்போது அந்தக் காற்று சளியைத் தள்ளிக்கொண்டு வருகிறது.

இப்போது நடுத்தரமான ஒரு மூச்சை இழுத்து, வாயை நன்றாகத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல 'ஹா...' என்று நீளமாக ஊதச் சொல்லுங்கள். வயிறு உள்ளே போக வேண்டும், தொண்டை இறுகக் கூடாது. ஒன்று அல்லது இரண்டு முறை. சளி மேலே ஏறிவிட்டது என்று தெரிந்ததும், பெரிய மூச்சை இழுத்துக் குட்டையாக, வேகமாக ஒரு 'ஹா'. அப்புறம் ஒரே ஒரு இருமல், துப்பிவிடலாம். இந்தச் சுற்றைப் பத்து, பதினைந்து நிமிடம் வரை செய்யலாம். தலை சுற்றினாலோ நெஞ்சு இறுகினாலோ நிறுத்திவிடுங்கள்.

ஒரு பக்க நுரையீரலில்தான் சளி அதிகம் என்று மருத்துவர் சொன்னால், அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைத்தால் சீக்கிரம் இறங்கும். தலையைக் கீழே தொங்கவிடும் முறைகளை வீடியோ பார்த்துச் செய்யாதீர்கள். இதய நோய், எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. சளியில் இரத்தம் வருகிறவர்களும், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்களும் எதையும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும்.

படுத்த படுக்கையாக இருப்பவரை எப்படிக் கூட்டிப்போவது என்று தயங்க வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். 2021-ல் இந்தத் திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுங்கள்.

துப்பும் சளியை மூடியுள்ள டப்பாவில் பிடியுங்கள். அடியில் கொஞ்சம் தண்ணீரும் பிளீச்சிங் பவுடரும் போட்டு வைத்து, கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வாசலிலோ வேலியோரத்திலோ துப்ப விடாதீர்கள்.

5. மெடிக்கலில் பாட்டில் வாங்கும் முன்

இருமல் சிரப் எல்லாம் ஒன்றல்ல. லேபிளைப் படியுங்கள். அம்ப்ராக்சால், புரோம்ஹெக்சின், குயாஃபெனசின், அசிட்டைல்சிஸ்டைன் என்று இருந்தால் சளியை இளக்குவதற்கானது. டெக்ஸ்ட்ரோமெத்தார்பன், கோடீன் என்று இருந்தால் இருமலை அடக்குவதற்கானது. சளி நிறைய வரும்போது இருமலை அடக்கினால் சளி உள்ளேயே தங்கிவிடும்.

இதைவிடப் பெரிய பொறி, சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்குவது. குறிப்பாக லீவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் காசநோயைத் தற்காலிகமாக அமுக்கிவிடும். இருமல் குறைந்தது போலத் தெரியும், நோய் கண்டுபிடிப்பது வாரக்கணக்கில் தள்ளிப்போகும். எங்களுக்கு நடந்தது இதுதான். சளிச் சோதனை கொடுப்பதற்கு முன் ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டாம் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

செலவைக் குறைக்க, மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கி முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ வாங்குங்கள். விலை வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் "பழகிவிடும்" என்று பயந்து ஒதுக்காதீர்கள். மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால் மாத்திரையைவிடக் குறைந்த அளவே உடம்பில் சேரும். இன்ஹேலரில் மாட்டி மருந்தை இழுக்க உதவும் ஸ்பேசர் என்ற குழல் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள்.

6. கைக்குழந்தைக்குச் செய்யக் கூடாதவை

மூக்கிலும் தொப்புளிலும் எண்ணெய் விடுவது, குளிக்க வைத்ததும் சாம்பிராணிப் புகை காட்டுவது, நெஞ்சில் சூடம் கலந்த எண்ணெய் தேய்ப்பது. நம் வீடுகளில் பாட்டிமார் பாசத்தோடு செய்வதுதான். ஆனால் மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகும். புகை மூச்சுக்குழாயைச் சுருக்கும். சூடம் சிறு குழந்தைக்கு வலிப்பைக் கூடக் கொண்டுவரும். அத்தையிடமோ அம்மாவிடமோ நீங்கள் சொன்னால் சண்டையாகும் என்றால், செவிலியர் வீட்டுக்கு வரும்போது அவர் வாயால் சொல்ல வையுங்கள். அது வேலை செய்யும்.

ஒரு வயது நிறையும் வரை தேன் நாக்கில் வைக்கவே கூடாது. ஒரு வயதுக்கு மேல் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் இருமலுக்கு நல்லது. சிரப் விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த இருமல் மருந்தைக் குடித்துக் குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு மத்திய அரசு, இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது என்றும், ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை என்றும் அறிவுறுத்தியது. தாய்ப்பால், உப்புநீர்ச் சொட்டு, மூச்சு எண்ணிக்கை, இவை போதும்.

7. இரண்டு வாரம் ஆனால் சளிப் பரிசோதனை

இரண்டு வாரம் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைவது, சளியில் இரத்தம். இவற்றில் எது இருந்தாலும் காசநோய்ப் பரிசோதனை கேட்டு வாங்க வேண்டும். கல் குவாரி, கிரானைட் பட்டறையில் வேலை பார்த்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், புகை பிடிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கல் தூசி படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பிடிக்கும். "எங்க வம்சத்துல யாருக்கும் இல்ல" என்பது காரணமே ஆகாது. அது பரம்பரை நோயல்ல, காற்றில் பரவுவது.

எங்கே போவது: முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே சளியை வாங்கிச் சோதனைக்கு அனுப்புவார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதானால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஊருக்கு வெளியே போலுப்பள்ளியில். பஸ்ஸிலும் ஆட்டோவிலும் வெறுமனே "ஜி.எச்." என்று சொல்லாமல் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் நெஞ்சக நோய்ப் பிரிவு என்று கேளுங்கள். காலையில் சீக்கிரம் போவது நல்லது. மதியத்துக்கு மேல் போனால் மருத்துவரைப் பார்த்தாலும் பரிசோதனைக்கு மறுநாள் வரச் சொல்லிவிடலாம்.

எடுத்துப்போக: ஆதார், அதன் நகல், செல்போன் நம்பர், பழைய மருந்துச் சீட்டுகள், எக்ஸ்-ரே எடுத்திருந்தால் அந்தப் படம். சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் தூக்கிப்போடாமல் கொண்டுபோங்கள்.

பொதுவாக இரண்டு மாதிரி கேட்பார்கள். ஒன்று அங்கேயே, இன்னொன்று மறுநாள் விடியற்காலையில் எழுந்ததும். இங்கேதான் நிறையப் பேருக்குத் தவறுகிறது. டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். காலையில் எதுவும் சாப்பிடாமல், வெறும் தண்ணீரில் மட்டும் வாயைக் கொப்பளியுங்கள். திறந்த வெளிக்குப் போய், மேலே சொன்னபடி ஆழமாக மூச்சிழுத்து 'ஹா' ஊதி, நெஞ்சிலிருந்து வரும் கெட்டியான சளியை நேராக டப்பாவில் விடுங்கள். ஒரு டீஸ்பூன் அளவு இருந்தால் நல்லது. மூடியை இறுக்கி, வெயில் படாமல், அன்று காலையே கொண்டுபோய்க் கொடுங்கள். சளியே வரவில்லை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள், உப்புநீர் நெபுலைசர் வைத்து வரவழைக்க வழி உண்டு.

சி.பி.நாட், ட்ரூநாட் என்ற இயந்திரங்களில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிவு தெரியும். முக்கியமான காசநோய் மருந்து ஒன்றுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். மாதிரி போய்ச் சேர்ந்து, முறை வந்து, உங்கள் கைக்கு முடிவு வரச் சில நாள் ஆகலாம். செல்போனுக்கு வரும் என்று காத்திருக்காமல் நேரில் போய்க் கேளுங்கள். பரிசோதனை, மருந்து இரண்டுக்குமே காசில்லை.

8. முடிவு வந்த பிறகு

காசநோய் இல்லை என்று வந்தால் அத்தோடு விட்டுவிட வேண்டாம். எக்ஸ்-ரே, தேவைப்பட்டால் நுரையீரல் ஊதும் சோதனை கேளுங்கள். ஆஸ்துமா, அடுப்புப் புகையாலும் பீடியாலும் வரும் நீண்டகால மூச்சுக்குழாய் நோய், கல் தூசி நோய் எல்லாம் அதில்தான் தெரியும். பட்டறை வேலை பார்த்ததை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

காசநோய் என்று வந்தால், மருந்துக்குக் கட்டுப்படும் வகைக்கு வழக்கமாக ஆறு மாத மாத்திரை. சில வாரத்திலேயே இருமல் நின்று, எடை ஏறி, "நல்லாயிட்டேன்" என்று தோன்றும். அங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள், நோய் மருந்துக்கு அடங்காத வகையாகத் திரும்புகிறது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ உடனே போங்கள். வீட்டில் உள்ள எல்லோரையும், முக்கியமாகக் குழந்தைகளை, சோதனைக்குக் கூட்டிப்போங்கள். ஆரம்ப வாரங்களில் நோயாளி முகக்கவசம் போடட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். தட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்கி அவர் மனதை நோகடிக்கத் தேவையே இல்லை. பாத்திரத்தால் இது பரவாது.

9. பணமும் காகிதமும்

காசநோய் சிகிச்சையில் இருக்கும் வரை ஊட்டச்சத்துக்காக மாதத்துக்கு 1,000 ரூபாய் வீதம் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும். 2024 நவம்பருக்கு முன் அது 500 ஆக இருந்தது. சிகிச்சை தொடங்கும் நாளே பாஸ்புக் முதல் பக்க நகல் கொடுங்கள். கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், பயன்பாட்டில் இருக்க வேண்டும். வருடக்கணக்கில் பணம் போடாமல் எடுக்காமல் கிடக்கும் கணக்கைக் கொடுத்தால் பணம் வராது. வங்கிக்குப் போய் அதைச் சரிசெய்த பிறகு கொடுங்கள்.

படுக்கையில் சேர்க்க வேண்டியிருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார், வருமானச் சான்று வேண்டும். சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பக் கட்டணம் 60 ரூபாய். கேட்டால் ரசீது தருவார்கள், கூடுதலாகக் கொடுக்காதீர்கள். பிறகு கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு மையத்தில் பதிய வேண்டும். உடம்பு முடியாமல் போன பிறகு இந்தச் சான்றுக்கு ஓடுவது பெரும்பாடு, நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். அட்டை இருக்கிறதா, எந்த மருத்துவமனையில் செல்லும் என்று 1800 425 3993-ல் கேட்கலாம். ஓ.பி.யில் பார்த்துவிட்டு வருவதற்கு இந்த அட்டை பொருந்தாது, சேர்த்தால்தான்.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் நம் மாவட்டங்களில் நிறைய. பாதிச் சிகிச்சையில் கிளம்ப வேண்டியிருந்தால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். காசநோய் சிகிச்சைக்குப் பதிவு செய்தபோது கொடுத்த நிக்‌ஷய் எண்ணை எழுதிவைத்துக்கொண்டு, கிளம்பும் முன் சுகாதார நிலையத்தில் சொன்னால் அங்கே உள்ள மையத்துக்கு மாற்றித் தருவார்கள். எண் நாடு முழுக்க ஒன்றுதான். இடம் மாறும் இடைவெளிக்குத் தேவையான மாத்திரையையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் நிக்‌ஷய் உதவி எண் 1800 11 6666, தமிழ்நாட்டுக்குள் பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104.